அறுபத்தேழு இரண்டுகளும் ஞாயிற்றுக்கிழமைகளும்

தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே, வெயிலைப் பார்க்காமல் வந்திருக்கும் பெற்றோரே, முன்வரிசைப் பிள்ளைகளே, வணக்கம். நூலகர் அம்மா அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு இங்கே நாற்காலி அடுக்கினார். அதற்குத் தனி நன்றி.

ஒரே ஒரு எண்ணைப் பற்றி மூன்று விஷயம் பேசப்போகிறேன்: அதன் பிறப்பு, அது உடைந்த கதை, இன்றைய ரகசியக் குறியீடுகளுக்கும் அதற்கும் உள்ள உறவு.

67 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழியுங்கள். 147573952589676412927 வரும். 21 இலக்கம். மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644இல் இதைப் பகா எண் என்று பட்டியலில் போட்டார். 1876இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், இல்லை, இது பகு எண்தான் என்று நிரூபித்தார். ஆனால் எந்த எண்கள் இதை வகுக்கும் என்று அவருடைய வழி காட்டவில்லை. பூட்டு திறக்கும் என்று தெரியும், சாவி கையில் இல்லை!

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார் என் பாட்டி. அம்மியை நகர்த்தியவர் ஃபிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபர், நியூயார்க், அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். அவர் பெயரை அழைத்தார்கள். எழுந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை என்பார்கள். சாக்பீஸை எடுத்து, இரண்டின் 67ஆம் அடுக்கைக் கையாலேயே போட்டு, ஒன்றைக் கழித்தார். அப்புறம் பலகையின் மறுபக்கம் போய் எழுதினார்:

193707721 × 761838257287

வரிவரியாகப் பெருக்கினார். இரண்டு பக்கமும் ஒரே விடை. பேசாமல் போய் உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது. எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னால் கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

பிள்ளைகளே, இப்போதே சரிபாருங்கள். கடைசி இரண்டு இலக்கம் 21, 87. பெருக்கினால் 1827. நம் எண்ணின் வாலும் 27தான். இன்னொன்று: இதன் பகாக் காரணி எதுவானாலும், ஒன்றைக் கழித்தால் 134ஆல் மீதியின்றி வகுபடும். 193707720ஐ வகுத்துப் பாருங்கள், 1445580 வரும். இந்த விதி தெரிந்ததால் தேட வேண்டிய எண்கள் வெகுவாகக் குறைந்தன. அப்படியும் மூன்று வருட ஞாயிறுகள்!

அந்த ஞாயிறுதான் என் மனதை உறுத்துகிறது. நம் நூலகம் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கிறது. பள்ளி நாளில் பிள்ளைக்குப் பரீட்சை, டியூஷன். மார்க் இல்லாத கணக்கை அது எப்போது போட்டுப் பார்க்கும்? பின்னறையை ஞாயிறு காலை மூன்று மணி நேரம் திறந்துவிடுங்கள். ஒரு கரும்பலகை, ஒரு பெட்டி சாக்பீஸ், இருபது நோட்டு போதும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். அடி வைக்க இடம் வேண்டாமா? இரண்டு வருடமாக மனு கொடுக்கிறேன். வார்டு உறுப்பினர் இதே மேடையில் இருக்கிறார், அவரிடம் மறுபடியும் கேட்கிறேன்.

மணி ஆகிவிட்டது, ரகசியக் குறியீடுகளை இன்னொரு நாள் பேசுவோம். வாசலில் கையெழுத்து நோட்டு இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். சாவியை வாங்கி, ஞாயிறு காலை கதவைத் திறக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன்.