கோழிக்கூண்டுக்குள் ஒரு ஜாகுவார்! போர்க்கால டிரெய்லரைப் பார்த்தால் முதலில் செய்யக் கூடாத வேலை எது?

[திரையில்: புல்லுக்குள் பாதி புதைந்த இரண்டு சக்கரத் தகரப் பெட்டி]

எஞ்சின் இல்லை. ஸ்டீயரிங் இல்லை. ஒரு கதவு கூடக் கிடையாது. ஆனால் இதைத் தயாரித்தது ஜாகுவார் கார் கம்பெனி. நம்ப முடிகிறதா?

வணக்கம் நண்பர்களே! இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் இழுத்துக்கொண்டு போன டிரெய்லர்களை எங்கே தேடுவது, கிடைத்தால் எப்படி மீட்பது என்பதுதான் இன்றைய வீடியோ. டாங்கியையும் ஜீப்பையும் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவற்றுக்குப் பின்னால் சோறும் தண்ணீரும் குண்டும் சுமந்து போன இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. அந்தக் குறையை இன்று தீர்த்துவிடலாம்.

முதலில் ஜாகுவார் கதையை முடித்துவிடுகிறேன். 1922-ல் பிளாக்பூல் நகரில் வில்லியம் லயன்ஸும் வில்லியம் வாம்ஸ்லியும் மோட்டார் சைக்கிளுக்கு சைட்கார் செய்யும் பட்டறை ஒன்றை ஆரம்பித்தார்கள். 1928-ல் அது கோவென்ட்ரிக்கு இடம் மாறியது, அப்புறம் எஸ்.எஸ். கார்ஸ் என்று பெயர் மாறியது. 1935-ல் ஜாகுவார் என்ற பெயரில் ஒரு காரை விட்டார்கள். போர் வந்ததும் கார் தயாரிப்பு நின்றுபோய், ராணுவத்துக்கு சைட்காரும் டிரெய்லரும் செய்தார்கள். ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் பெயர் உலகம் முழுக்க நாறிய பிறகு அந்த இரண்டு எழுத்தை யார் வைத்துக்கொள்வார்கள்? 1945-ல் கம்பெனியே ஜாகுவார் ஆகிவிட்டது. அதனால் தகட்டில் 'எஸ்.எஸ். கார்ஸ்' என்று போட்ட டிரெய்லர் உங்கள் கண்ணில் பட்டால், நீங்கள் பார்ப்பது ஜாகுவாரின் அண்ணனை!

அவர்கள் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது 10 ஹண்ட்ரட்வெயிட் இலகு ரக டிரெய்லர். ஒரு ஹண்ட்ரட்வெயிட் என்பது 112 பவுண்டு. ஆக, சுமார் 508 கிலோ, அதாவது அரை டன் சுமக்கும். ஏன் இவ்வளவு இலகுவாகச் செய்தார்கள்? இது வானத்தில் போக வேண்டிய வண்டி.

[திரையில்: ஹோர்சா கிளைடரின் வரைபடம்]

இதுதான் ஹோர்சா கிளைடர். எஞ்சினே கிடையாது, கிட்டத்தட்ட முழுவதும் மரம். வேறொரு விமானம் கயிற்றில் கட்டி இழுத்துப் போய் வானத்தில் விட்டுவிடும். இவற்றில் பலவற்றின் மர வேலையைச் செய்தது லண்டனின் ஹாரிஸ் லீபஸ் என்ற நாற்காலி மேசை கம்பெனி. யோசித்துப் பாருங்கள்: நாற்காலி செய்தவர்கள் கட்டிய விமானத்துக்குள், கார் செய்தவர்கள் கட்டிய டிரெய்லர்!

உள்ளே இடம் அவ்வளவு நெருக்கடி. ஜீப்பை நுழைப்பதற்காக அதன் முன் பம்பரின் முனைகளையே வெட்டிக் குறுக்கினார்கள். முதல் ரக ஹோர்சாவில் முன்பக்கத்தில் இருக்கும் பக்கவாட்டுக் கதவு வழியாக, சாய்வுப் பலகை போட்டு, ஆட்கள் கையால் தள்ளித்தான் வண்டியை ஏற்ற வேண்டும். இறங்கியதும் விமானத்தின் வால் பகுதியையே கழற்றிவிட்டு, பின்பக்கமாக ஜீப்பையும் டிரெய்லரையும் வெளியே இறக்கினார்கள். 1944 செப்டம்பர் 17 அன்று நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் பக்கம் பிரிட்டிஷ் முதலாவது வான்படைப் பிரிவு இறங்கியபோது நடந்தது இதுதான். அந்த ஊர்ப் பாலத்தைப் பிடிக்கப் போனவர்களின் கதையை எல்லோரும் சொல்வார்கள். அவர்களுடைய குண்டும் மருந்தும் வந்து சேர்ந்தது இந்தப் பெட்டிகளில்.

மற்ற ரகங்களை ஓட்டமாகப் பார்த்துவிடலாம். தண்ணீர் டிரெய்லர், ஜெனரேட்டர் டிரெய்லர் என்று நிறைய உண்டு. சர்ச்சில் குரோக்கடைல் டாங்கிக்குப் பின்னால், தீயாகப் பீய்ச்சியடிக்க 400 காலன் எரிபொருளைச் சுமந்த கவச டிரெய்லர் ஒன்று இருக்கிறது. அதற்குத் தனி வீடியோ போட்டே ஆக வேண்டும்.

ஆனால் 27-ஆம் எண் லிம்பரைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. 25 பவுண்டர் பீரங்கி தெரியும் இல்லையா? டெல்லியில் குடியரசு தினத்தன்று 21 குண்டு மரியாதைக்கு முழங்கியது அந்தப் பீரங்கிதான். 2023-ல்தான் 105 மில்லிமீட்டர் இந்திய ஃபீல்டு கன் அதன் இடத்துக்கு வந்தது. போர்க்காலத்தில் இழுவை வண்டிக்கும் இந்தப் பீரங்கிக்கும் நடுவில் மாட்டியிருந்த சதுரப் பெட்டிதான் லிம்பர். உள்ளே தட்டுத் தட்டாக 32 குண்டுகள். குண்டு தனி, வெடிமருந்து தனி. மருந்து சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நிறப் பைகளில் இருக்கும். பக்கத்தில் சுட வேண்டும் என்றால் சிவப்பு மட்டும். இன்னும் தூரம் என்றால் வெள்ளையும் சேரும், அதற்கும் மேலே என்றால் நீலமும் சேரும். பதற்றத்தில் நிற்கிற ஆளுக்கு எண்ணிக்கை குழம்பலாம், நிறம் குழம்பாது. எவ்வளவு அழகான யோசனை!

சரி, தேடல். போர் முடிந்ததும் உபரிச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. விவசாயிகள் வாங்கி வைக்கோல், விறகு, பால் கேன் என்று ஏற்றினார்கள். கடைசியில் அது கோழிக்கூண்டாகவோ கருவிப் பெட்டியாகவோ வேலியோரம் ஒதுங்கியது. இங்கிலாந்தில் பண்ணை ஏலங்கள், பழைய ராணுவ வண்டிக் கண்காட்சிகள், ஹாம்ப்ஷயரில் செப்டம்பர் மாதம் நடக்கும் பியூலி உதிரிபாகச் சந்தை, இவைதான் தேட வேண்டிய இடங்கள்.

விற்பவர் 'போர்க்கால டிரெய்லர்' என்று சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். லேண்ட் ரோவருக்காக 1960-களில் வந்த சாங்கி டிரெய்லரையும் அதே பெயரில் தள்ளிவிடுவார்கள். தயாரிப்பாளர் தகடு இருந்தால் யோகம். இல்லாவிட்டால் பட்டை ஸ்பிரிங்கிலும் இழுவைக் கொக்கியிலும் மூன்று கோடு சேர்ந்த அம்புக்குறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்தின் அடையாளம். அடுத்து, போல்ட்டின் மறையைப் பாருங்கள். அன்றைய பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவுக் குடும்பத்து மறை, அதன் பற்களின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க ஜீப் டிரெய்லரில் 60 டிகிரி. மறை அளவுகோல் ஒன்று கையில் இருந்தால், தகடே இல்லாத வண்டி கூட எந்த நாட்டில் பிறந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடும்.

[திரையில்: பெயின்ட் அடுக்குகள், மிக நெருக்கத்தில்]

இப்போதுதான் இந்த வீடியோவின் உயிர்ப் பகுதிக்கு வருகிறோம். ஸ்கிப் பண்ணாமல் பாருங்கள்.

டிரெய்லரை வாங்கியதும் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் வேலை, மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்து, பெயின்ட்டை எல்லாம் நீக்கி வெறும் இரும்பாக்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பெயின்ட்தான் வண்டியின் பிறப்புச் சான்றிதழ்.

உள்ளங்கை அளவு இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பக்கத் தகட்டின் நடுப்பகுதி நல்லது. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, நடுவில் அழுத்தமாகவும் ஓரம் போகப் போக லேசாகவும் வட்டமாகத் தேய்க்க வேண்டும். உலர்வாகத் தேய்க்கவே கூடாது, பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். மாஸ்க், கையுறை இரண்டும் கட்டாயம். கொஞ்ச நேரத்தில், பழைய வீட்டுச் சுவரைச் சுரண்டினால் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிகிற சுண்ணாம்புப் பூச்சு மாதிரி, நிறங்கள் வளையம் வளையமாக வெளியே வரும்.

மேல் வளையம் விவசாயி அடித்த டிராக்டர் நீலமோ சிவப்போ. அதன் கீழே பளபளப்பான கரும்பச்சை வந்தால், போருக்குப் பிறகும் ராணுவத்தில் வேலை பார்த்த வண்டி. அதற்கும் கீழே பளபளப்பு இல்லாத ஆலிவ் பச்சை. இது 1944 ஏப்ரலில் உத்தரவான எஸ்.சி.சி. 15. எஸ்.சி.சி. என்பது ராணுவப் பெயின்ட் நிறங்களின் பட்டியல், பின்னால் வருவது நிறத்தின் எண். அமெரிக்காவிலிருந்து குவிந்த வண்டிகளின் நிறத்தோடு ஒத்துப்போகட்டும் என்று கொண்டுவந்தது. இன்னும் தேயுங்கள்.

பழுப்பு!

ஆமாம், சேற்றுப் பழுப்பு. எஸ்.சி.சி. 2. முதல்முறை பார்க்கிறவர்கள் இதைத் துரு என்றோ பிரைமர் என்றோ நினைத்து அடித்துத் தள்ளிவிடுகிறார்கள். போர்க்கால பிரிட்டிஷ் வண்டி என்றாலே பச்சை என்று நம் மண்டையில் பதிந்திருக்கிறது. ஆனால் 1942-லிருந்து 1944 வரை அவர்களின் அடிப்படை நிறமே பழுப்புதான். காரணம் போர்த் தந்திரம் இல்லை, தட்டுப்பாடு. பச்சை நிறத்துக்கு வேண்டிய குரோமியம் ஆக்சைடு போதவில்லை, அதனால் பழுப்புக்கு மாறினார்கள். ஒரு மூலப்பொருள் போதாததால் ஒரு நாட்டின் ராணுவமே நிறம் மாறியது என்ற செய்தி, வேலியோரம் கிடக்கிற கோழிக்கூண்டின் தகட்டில் மெல்லிய வளையமாக இருக்கிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது!

இதைவிடப் பெரிய புதையல் வெள்ளை எழுத்து. பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பதிவு எண் உண்டு. எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்து வண்டியின் வகையைச் சொல்லும். டிரெய்லருக்கு எக்ஸ். பக்கத் தகட்டில் தேய்க்கும்போது வெள்ளையாக ஒரு கோடு எட்டிப் பார்த்தால் கையை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு விரல் நுனியால் மட்டும், அங்குலம் அங்குலமாகத் தேய்த்து வெளியே கொண்டுவாருங்கள். பக்கத்தில் அளவு டேப்பை வைத்துப் படம் எடுங்கள். திரும்ப எழுதும்போது எழுத்தின் உயரம், இடைவெளி எல்லாம் அந்தப் படத்திலிருந்துதான் வர வேண்டும்.

அடுத்து ஒரு எச்சரிக்கை. சக்கரம்! இந்தக் கால ராணுவ வண்டிகள் பலவற்றில் ரிம் இரண்டு பாதியாக இருக்கும். ஒரு வரிசை நட்டு சக்கரத்தை ஹப்போடு பிடிக்கும், இன்னொரு வரிசை ரிம்மின் இரண்டு பாதியையும் ஒன்றோடொன்று பிடிக்கும். டயரில் காற்று இருக்கும்போது இரண்டாவது வரிசையைக் கழற்றினால், ரிம் வெடித்துப் பிரிந்து ஆளையே கொன்றுவிடும். அதனால்தான் ராணுவத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். எண்பது வருஷத்தில் அந்தச் சிவப்பு போயிருக்கும். ஆகவே ஸ்பானரைத் தொடுவதற்கு முன் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள். வேலை முடிந்ததும் அந்த நட்டுகளுக்குத் திரும்பச் சிவப்பு அடியுங்கள், அடுத்து கழற்றப் போகிறவருக்காக.

டிங்கரிங் வேலை நம் ஊர்ப் பட்டறை வேலைதான். அரித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைப்பது, பட்டி பார்ப்பது, பிரைமர். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பட்டியைப் போட்டு எல்லா ஒடுக்கையும் நிரப்பி ஷோரூம் கார் மாதிரி ஆக்காதீர்கள். வேலை பார்த்த வண்டிக்கு ஒடுக்கு இருக்கத்தான் செய்யும்.

கடைசியாக, எந்த நிறம் அடிப்பது? தொழிற்சாலையை விட்டு வந்த முதல் பூச்சுதான் அடிக்க வேண்டும் என்பது என் கட்சி. அடியில் பழுப்பு என்றால் பழுப்பு, கண்காட்சிக்கு வருகிறவர்கள் "இது என்ன மண் நிறம்" என்று கேட்டாலும் சரி. தேய்த்துத் திறந்த அந்த உள்ளங்கை இடத்தை மட்டும் மூடாமல், மேலே தெளிவான வார்னிஷ் அடித்து அப்படியே விட்டுவிடுங்கள். கேட்கிறவருக்கு வளையத்தைக் காட்டிப் பதில் சொல்லலாம்.

எதிர்க்கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள்: ஆர்ன்ஹெமுக்குப் போன வண்டி என்றால் 1944-ல் இருந்த நிறம்தான் சரி என்பார்கள். நீங்கள் எந்தப் பக்கம்? பழுப்பா, ஆலிவா? காரணத்தோடு கமெண்டில் எழுதுங்கள். குரோக்கடைல் டிரெய்லர் வீடியோ வேண்டும் என்கிறவர்கள் சப்ஸ்கிரைப் பண்ணிவிட்டு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.