சர்ப்ரைசிங்லி: வியப்பு யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவியின் கட்டுரை நோட்டில் 'சர்ப்ரைசிங்லி குட்' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். பாராட்டுவதாகத்தான் நினைத்தேன். மறுநாள் அவள் வந்து, "நான் நல்லா எழுத மாட்டேன்னு நினைச்சிருந்தீங்களா சார்?" என்று கேட்டாள். அவள் புரிந்துகொண்டது சரி. அங்கேயே முதல் சொல்லை அடித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அகராதியைப் புரட்டினால் 'வியக்கத்தக்க வகையில்' என்று இருக்கும். தவறில்லை, ஆனால் பாதிதான். கட்டுரை எப்படி இருந்தது என்பதோடு, நான் என்ன எதிர்பார்த்திருந்தேன் என்பதையும் அந்தச் சொல் வெளியே சொல்லிவிடுகிறது. நம் வீடுகளில் "பரவாயில்லையே, நல்லா சமைச்சிருக்கியே!" என்பார்கள். சமைத்தவருக்கு அந்த ஏகாரம் சுருக்கென்று தைக்கும். அதே வேலையைத்தான் இந்த ஆங்கிலச் சொல்லும் செய்கிறது.

சர்ப்ரைஸ் என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. 'மேலே' என்பதும் 'பிடி' என்பதும் சேர்ந்த சொல். ஆங்கிலத்தில் முதலில் அது எதிரி திடீரென்று பாய்ந்து தாக்குவதைத்தான் குறித்தது. இந்தப் பழைய பொருளை நினைவில் வைத்தால் இலக்கணம் எளிதாகிவிடும். யாரோ ஒருவர் எதிர்பாராமல் பிடிபடுகிறார். யார் அவர் என்று மட்டும் பாருங்கள்.

'ஹீ லுக்ட் அட் மீ சர்ப்ரைசிங்லி' என்று நம்மில் பலர் எழுதுகிறோம். அவன் என்னை ஆச்சரியத்தோடு பார்த்தான் என்று சொல்ல வருகிறோம். ஆனால் சர்ப்ரைசிங் என்பது ஆச்சரியப்பட வைப்பது. ஆச்சரியப்பட்டவனுக்கு அது பொருந்தாது. அங்கே 'இன் சர்ப்ரைஸ்' என்று போடுங்கள், போதும்.

அப்புறம், சொல் நிற்கும் இடம். 'தி எக்ஸாம் வாஸ் சர்ப்ரைசிங்லி ஈஸி' என்றால் நினைத்ததைவிடத் தேர்வு சுலபம். இங்கே அது 'ஈஸி' என்ற ஒரு சொல்லை மட்டும் தொடுகிறது. 'சர்ப்ரைசிங்லி, ஷீ டிட் நாட் கம்' என்றால் அவள் வராததே ஆச்சரியம். முழு வாக்கியத்தையும் தொடுகிறது. எழுத்தில் ஒரு காற்புள்ளி, பேச்சில் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியை விழுங்கிவிடாதீர்கள்.

முன்னால் 'நாட்' சேர்த்து 'நாட் சர்ப்ரைசிங்லி' என்றால் 'எதிர்பார்த்தபடியே' என்று பொருள். ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி காதில் விழும்.

உச்சரிப்பில் முதல் 'ர்' ஆங்கிலேயர் வாயில் பெரும்பாலும் ஒலிப்பதில்லை, 'சப்ரைசிங்லி' என்றே கேட்கும். எழுதும்போது மட்டும் அந்த எழுத்தை விட்டுவிடக் கூடாது.

வெயில், பஸ், தேர்வு, ஹோட்டல் சாப்பாடு, இவற்றைப் பற்றித் தாராளமாக இந்தச் சொல்லைச் சொல்லலாம். எதிரே நிற்பவரின் திறமையைச் சொல்லும்போது மட்டும் 'வெரி குட்' என்று சொல்லுங்கள். வணக்கம்.