தளிக் குளிரில் சைக்ளமென் விதைப்பு

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

குளிர்காலத்தில் பெங்களூரு, ஓசூர் பக்கத்து நர்சரிகளுக்குப் போனவர்கள் சைக்ளமென் செடியைப் பார்த்திருப்பீர்கள். சின்னத் தொட்டி, வெள்ளிக் கோடு ஓடும் பச்சை இலை, நீளமான காம்பின் நுனியில் இதழ்களைப் பின்னால் மடக்கி நிமிர்த்திய பூ. ஆசைப்பட்டு வாங்கி வருவோம். மாசி, பங்குனியில் இலையெல்லாம் மஞ்சளாகிக் கழன்று விழும். செடி செத்துவிட்டது என்று தொட்டியோடு குப்பையில் போட்டுவிடுவோம். எனக்கு இதுதான் தாங்க முடியாத விஷயம். அந்தத் தொட்டிக்குள் கிழங்கு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். நம் கண்வலிக்கிழங்கு கோடை முழுக்க மண்ணுக்குள் சும்மா கிடந்து, மழைக்குப் பிறகு முளை விடுகிறதல்லவா, அதே மாதிரிதான் இதுவும்.

சைக்ளமென் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் செடி. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை வறண்டு கிடக்கும். அதனால் குளிரில் இலை விட்டுப் பூத்து, கோடையில் உறங்கும் பழக்கம் இதற்கு வந்தது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும், விதைப்பது, நீர் விடுவது, நீரை நிறுத்துவது எல்லாம் தானாகப் பிடிபடும்.

விதையிலிருந்து வளர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சேனை, மஞ்சள் போல இந்தக் கிழங்கு பக்கக் கிழங்கு போட்டுப் பெருகாது. கிழங்கு வருடா வருடம் பருக்கும், அவ்வளவுதான். செடி வேண்டுமென்றால் விதைதான் வழி. இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு காலத்தில் துருக்கி மலைகளில் காட்டுச் சைக்ளமென் கிழங்குகளைத் தோண்டி மூட்டை மூட்டையாக ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். இன்று காட்டு இனங்கள், அரிய செடி, விலங்குகளின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் எனும் உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. விதையிலிருந்து வளர்த்தால் எந்த மலையும் காலியாகாது.

இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தாலும் எல்லாமே நமக்கு ஆகாது. கௌம் என்ற இனமும் பர்புராசென்ஸ் என்ற இனமும் நல்ல குளிர் தேசத்துச் செடிகள், அவற்றை விட்டுவிடலாம். நர்சரியில் விற்பது பெர்சிகம் என்ற இனத்திலிருந்து வந்தது. அதன் காட்டுச் செடி சிரியா, லெபனான், சைப்ரஸ் பக்கம் பாறை இடுக்குகளில் வளர்கிறது. பூ சிறியது, ஆனால் வாசனை உண்டு. ஐரோப்பியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூவைப் பெரிதாக்கப் பெரிதாக்க வாசனை போய்விட்டது. என்னைக் கேட்டால் அது பெரிய நஷ்டம். பெர்சிகம் தவிர, கிரேக்கத்து கிரேகம், அல்ஜீரியா, துனீசியா பக்கத்து ஆப்ரிகானம் ஆகியவற்றையும் ஓசூரை அடுத்த தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்தவர்கள் முயலலாம். முதலில் பெர்சிகத்தில் கை பழகட்டும்.

சரி, விதைப்புக்கு வருவோம். விதை கடுகை விடப் பெரியது, பழுப்பு நிறம், கோணல்மாணலாக இருக்கும். ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு, காலையில் மறுபடி கழுவுங்கள். மண்ணுக்குத் தேங்காய் நார்க்கழிவும், சலித்த இலைமக்கும், கொஞ்சம் பருமணலும் போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே சேருங்கள். நம் மாவட்டங்களில் போர்வெல் தண்ணீர் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளோரைடு தொல்லைக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. உப்புத் தண்ணீர் இளநாற்றின் வேரைக் கருக்கும். ஐப்பசியில் பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் அதையே விடுங்கள்.

விதைகளை நாற்றுத்தட்டில் இரண்டு விரல் இடைவெளியில் வைத்து, அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக மண் மூடுங்கள். அப்புறம் தட்டை இருட்டில் வையுங்கள். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வெளிச்சம் பட்டால் இந்த விதை முளைக்கத் தயங்கும். கறுப்பு பாலித்தீனோ, கவிழ்த்த அட்டைப்பெட்டியோ, எதுவானாலும் சரி. அடுத்தது வெப்பம். 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் இதற்குப் பிடித்த அளவு. 20ஐத் தாண்டத் தாண்ட முளைப்பு குறையும். சூட்டில் வைத்தால் சீக்கிரம் முளைக்கும் என்று தக்காளி, மிளகாய் விதைத்த பழக்கத்தில் நினைத்துவிடக் கூடாது.

அதனால்தான் விதைக்கக் கார்த்திகைக் கடைசி, மார்கழி என்று நான் சொல்கிறேன். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். மார்கழியில் இரவு வெப்பம் அங்கே 15 டிகிரியை ஒட்டி இறங்கும். பகலில் தட்டை வடக்குப் பார்த்த அறையில், ஈரச் சாக்குக்குப் பக்கத்தில், தரையோடு வைத்தால் சமாளிக்கலாம். தருமபுரி நகரத்தின் உயரம் ஏறத்தாழ அதில் பாதிதான். அங்கே கொஞ்சம் சிரமம், மறைக்கவில்லை. காபி விளையும் வத்தல்மலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

முளைக்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் தோண்டிப் பார்க்காதீர்கள். ஆனால் ஒரே ஒரு விதையை வேண்டுமானால் பூதக்கண்ணாடியில் பாருங்கள், அவ்வளவு அழகு. முதலில் வெளியே வருவது இலை இல்லை. வெளுத்த தண்டு ஒன்று நீண்டு, அதன் அடிப்பகுதி மணி போல உருண்டு சின்னக் கிழங்காகும். அதன் கீழே வேர் இறங்கும். இவ்வளவும் மண்ணுக்குள் நடந்து முடிந்த பிறகுதான் காம்பு வளைந்து, விதைத்தோலைத் தலையில் சுமந்தபடி ஓர் இலை மேலே வரும். ஒன்றே ஒன்றுதான் வரும். அவரைபோல இரட்டை வித்திலை எதிர்பார்த்து, பாதி முளை அழுகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். விதைத்தோல் இலையில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், லேசாக நீர் தெளித்து விட்டுவிடுங்கள், தானே கழலும்.

தலை காட்டியதும் தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். நேர் வெயில் கூடாது. மூன்று இலை வந்த பிறகு சிறு தொட்டிக்கு மாற்றலாம். பெர்சிகத்தின் கிழங்கை முழுக்கப் புதைக்கக் கூடாது, மேல்பாதி வெளியே தெரிய வேண்டும். நீரைத் தொட்டியின் அடித்தட்டில் ஊற்றி உறிஞ்ச விட்டு, அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கிழங்கின் உச்சியில் நீர் தேங்கினால் மொட்டுகள் பூஞ்சணம் பிடித்து அழுகும்.

முதல் கோடைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வளர்ந்த செடி கோடையில் உறங்கட்டும், நீரைக் குறைத்துக் குறைத்து நிறுத்திவிட்டு நிழலில் வையுங்கள். ஆனால் முதல் வருட நாற்றை உறங்க விடாதீர்கள். கிழங்கு இன்னும் பட்டாணி அளவுதான், காய்ந்தால் தாங்காது. சித்திரை, வைகாசியில் பச்சை நிழல்வலையின் கீழ், காற்றோட்டமான இடத்தில், மண் ஈரம் குறையாமல் காப்பாற்றுங்கள். கார்னேஷன், ஜெர்பரா குடில் வைத்திருக்கும் நம் விவசாயிகளுக்கு இந்தப் பக்குவம் நன்றாகவே தெரியும். இலைப்பேனும் சிலந்திப்பூச்சியும் அங்கிருந்து இங்கே தாவும், அதை மட்டும் கவனியுங்கள். அந்தக் கோடையைத் தாண்டினால் அடுத்த மார்கழி, தையில் பூ பார்க்கலாம். காட்டு இனங்களுக்கு இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும்.

கலப்பினம் பற்றியும் கேட்பீர்கள். கடையில் எஃப் ஒன் என்று விற்கும் விதை பெர்சிகத்துக்குள்ளேயே இரண்டு வகைகளைக் கலந்தது. பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு எடுத்த விதை என்பதால்தான் அந்த விலை. அந்தச் செடியில் நீங்கள் எடுக்கும் விதை தாயைப் போலவே வராது. ஆனாலும் விதைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன், எந்த நிறம் வரும் என்று காத்திருப்பதே ஒரு சுகம். வேறு வேறு இனங்களைக் கலப்பது கடினம். ஹெடரிஃபோலியம் என்ற இனமும் ஆப்ரிகானமும் எளிதாகச் சேரும், பெரும்பாலானவை சேராது. பெர்சிகத்துக்கு வாசனையைத் திருப்பித் தர ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களில் அதைப் பர்புராசென்ஸுடன் கலந்தார்கள். பெர்சிகத்துக்கு 48 குரோமோசோம், பர்புராசென்ஸுக்கு 34. விதை தானாக முதிராததால் இளஞ்சூலை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தார்கள். வந்த செடி மலடு. அதன் குரோமோசோமை இரட்டிப்பாக்கிய பிறகுதான் விதை பிடிக்கும் செடி கிடைத்தது.

வீட்டில் விதை எடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பூவைக் கட்டைவிரல் நகத்தின் மேல் கவிழ்த்துத் தட்டினால் மஞ்சள் தூள் விழும். அதை வேறொரு செடியின் பூவில், நடுவே நீட்டியிருக்கும் சூல்முடியில் தொட்டு வையுங்கள். அதே செடியின் பூவுக்கே தலைமுறை தலைமுறையாகத் தொட்டால் வாரிசு மெலிந்துகொண்டே போகும். பிடித்துவிட்டால் இதழ் உதிர்ந்து காம்பு தரையை நோக்கி வளையும், காய் முதிர மூன்று மாதம் வரை பிடிக்கும். ஹெடரிஃபோலியத்தில் அந்தக் காம்பு சுருள்சுருளாகச் சுற்றிக்கொண்டு காயை மண்ணோடு இழுத்து வைத்துக்கொள்ளும்.

காய் மெத்தென்று ஆனதும் மெல்லிய வலைத்துணியில் பை தைத்துக் கட்டிவிடுங்கள். விதைமேல் இனிப்பான பசை இருக்கும், காய் வெடித்த அன்றே எறும்பு தூக்கிப் போய்விடும். காட்டில் இந்தச் செடி பரவுவதே எறும்பால்தான். எடுத்த விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் பெயரும் மாதமும் எழுதி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கார்த்திகை வரை வையுங்கள். கிழங்கில் நச்சு உண்டு, ஆடும் குழந்தைகளும் எட்டாத இடத்தில் தொட்டியை வையுங்கள். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் யாராவது வளர்த்து விதை எடுத்தால் பக்கத்து வீட்டுக்கும் பத்து விதை கொடுங்கள். வேறு செடி பக்கத்தில் இருந்தால் மகரந்தம் மாற்றிக்கொள்ளவும் வசதி.

நன்றி, வணக்கம்.