அலகாபாத் தோட்டத்தில் ஒரு தாயும் மகனும்

வணக்கம் நேயர்களே.

இன்று பிரயாக்ராஜ் என்கிறோமே, அந்த அலகாபாத் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே குஸ்ரூ பாக் என்ற தோட்டம் இருக்கிறது. பெரிய மதில், உள்ளே கொய்யா மரங்கள், நடுவில் கல்லறை மண்டபங்கள். ஒன்று தாய்க்கு, ஒன்று மகனுக்கு.

மகன் குஸ்ரூ, அக்பரின் பேரன். அப்பா சலீம், பெற்ற தகப்பனையே எதிர்த்து 1600இல் அலகாபாத்தில் தனி தர்பார் நடத்தியவர். அதனால் பேரனுக்கே பட்டம் கட்டிவிடலாம் என்ற பேச்சு அரண்மனையில் எழுந்தது. தாய்மாமன் மான் சிங்கும் மாமனார் அஜீஸ் கோகாவும் அதற்கு முன்னின்றார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் தாய் மான் பாய். அப்பாவுக்கு அடங்கி நட என்று மகனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அவன் கேட்கவில்லை. மனம் வெறுத்து, அபினைத் தின்று உயிரைவிட்டார். கணவரே தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறார்.

1605 அக்டோபரில் அக்பர் மறைந்தார். சலீம், ஜஹாங்கீர் என்ற பெயரில் அரியணை ஏறினார். ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. தாத்தாவின் சமாதிக்குப் போகிறேன் என்று ஆக்ரா கோட்டையைவிட்டுக் கிளம்பிய குஸ்ரூ, லாகூருக்குக் குதிரையைத் தட்டிவிட்டார். வழியெல்லாம் ஆள் சேர்ந்தது. லாகூர் மட்டும் கதவைத் திறக்கவில்லை. துரத்தி வந்த படையிடம் தோற்று, செனாப் ஆற்றைக் கடக்கப் பார்த்தபோது பிடிபட்டார்.

அப்புறம் நடந்ததைச் சொல்லவே மனம் கூசுகிறது. சாலையின் இரண்டு பக்கமும் கழுமரம் நட்டு, அவரை நம்பி வந்தவர்களை உயிரோடு ஏற்றினார்கள். அந்த வழியாகவே குஸ்ரூவை யானைமேல் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள். அவருக்கு வயது 18. அவருக்கு ஆசி தந்தார் என்று சொல்லி, சீக்கியரின் குரு அர்ஜன் தேவையும் கொன்றார்கள். தான் செய்த இதே குற்றத்துக்கு அக்பரிடம் மன்னிப்புப் பெற்றவர்தானே ஜஹாங்கீர்? எனக்கு ஆறாதது அதுதான்.

மறு வருடம் ஜஹாங்கீரைக் கொல்ல நடந்த சதியும் வெளியில் தெரிந்துவிட்டது. இந்த முறை குஸ்ரூவின் கண்களைக் குருடாக்கினார்கள்.

அப்படியும் அந்தப் பெயருக்கு மவுசு குறையவில்லை. 1610இல் பாட்னாவில் ஒருவன் கண்ணோரத் தழும்பைக் காட்டி, சிறையிலிருந்து தப்பிவந்த குஸ்ரூ நான்தான் என்றான். ஜனங்கள் நம்பினார்கள். கோட்டையையே பிடித்துவிட்டான். வெளியூர் போயிருந்த சுபேதார், அதாவது மாகாண ஆளுநர், திரும்பிவந்து அவனைத் தீர்த்துக்கட்டினார்.

உண்மையான குஸ்ரூ 1622இல் புர்ஹான்பூரில், தம்பி குர்ரமின் (பின்னாளில் ஷாஜஹான்) காவலில் இறந்தார். வயிற்றுவலி என்று அரண்மனைக்குத் தகவல் போனது. தம்பிதான் கொன்றார் என்று ஊரெல்லாம் பேசியது. முதலில் அங்கேயே புதைத்த உடலைப் பிறகு தோண்டியெடுத்து, கடைசியில் அலகாபாத்துக்கு, தாய் இருக்கும் தோட்டத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.