பான் யெலாச்சிச் கடற்கரைக்கு வந்தா எந்தப் பதவியில வர்றாரு? செஞ் பெரிய வாசல்ல இருந்து

வணக்கம் மக்களே. பின்னாடி தெரியுறது குரோவாசியாவுல செஞ் ஊரோட பெரிய வாசல். 1779-ல கட்டினது. கேமராவை மேல கொண்டு போறேன், எழுத்தைப் பாருங்க: "யோசஃபினே ஃபினிஸ்". கார்லோவாட்ஸ்ல இருந்து மலையைத் தாண்டி வர்ற யோசஃபினா சாலை இங்க முடியுது. வியன்னா வரைக்கும் எவ்வளவு தூரம்னு மைல் கணக்குலயும் செதுக்கியிருக்காங்க. அத நம்ம மைல்னு எடுத்துக்காதீங்க, கணக்கு தப்பாயிடும். ஆஸ்திரிய மைல் ஒண்ணு ஏழரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல.

தலைப்புல சொன்ன 'பான்'னா குரோவாசியாவோட ஆளுநர் மாதிரி. 1848 மார்ச் 23-ல யோசிப் யெலாச்சிச்சை அந்தப் பதவியில போட்டாங்க. ஜூன் 5-ல ஸாக்ரெப்ல பதவியேற்பு. கத்தோலிக்க ஆயர் ஹாவ்லிக் ஊர்ல இல்ல, அதனால ஆர்த்தடாக்ஸ் தலைமை ஆயர் ராயாச்சிச் உறுதிமொழி எடுக்க வெச்சாரு. அன்னைக்குப் பிடிச்ச சிவப்பு வெள்ளை நீலக் கொடி ஸாக்ரெப்ல இருக்கிற குரோவாசிய வரலாற்று அருங்காட்சியகத்துல இருக்கு. அதுல குரோவாசியா, ஸ்லவோனியா சின்னங்களோட, கடலோரப் பகுதியான தால்மேசியாவோட சின்னமும் இருக்கு. முடிசூடின சிறுத்தைத் தலை மூணு இருக்குமே, அதுதான்.

இங்கதான் நிறைய பேர் தடுமாறுறாங்க. கொடியில தால்மேசியா இருக்கு, அப்ப அவர்தான் அதை ஆண்டாருன்னு நினைச்சுக்கிறாங்க. இல்லவே இல்ல. டிசம்பர் 2-ல ஆஸ்திரியப் பேரரசர் அவருக்கு ரியேகா துறைமுக ஊரோட ஆளுநர், தால்மேசியா ஆளுநர்னு ரெண்டு பட்டம் சேர்த்துக் கொடுத்தாரு, சரி. ஆனா தால்மேசியா நிர்வாகம் ஸாதார்ல இருந்து வியன்னாவுக்குத்தான் பதில் சொல்லுச்சு. ஸாக்ரெப்ல இருந்த குரோவாசிய நாடாளுமன்றம் 'எங்களோட சேருங்க'ன்னு கூப்பிட்டப்ப, இத்தாலி மொழி பேசின நகரசபைகள் பலதும் மறுத்துடுச்சு. பட்டம் ஒரே ஆளுகிட்ட சேர்ந்துச்சு, நாடு சேரல.

அதனால பான் கடற்கரை ஊருக்கு வந்த பழைய வரவேற்புச் செய்தி எதையாவது படிச்சீங்கன்னா, முதல்ல பூமாலையைப் பாக்காதீங்க. ஊர் எல்லையில யார் நின்னு வரவேற்கிறா, பேச்சு எந்த மொழியில, எந்தக் கொடி, இதைப் பாருங்க. செஞ் அப்ப ராணுவ எல்லைப் பகுதி, அதாவது ராணுவமே நேரா ஆண்ட இடம், 1871 வரைக்கும் அப்படித்தான். எல்லைப் படைக்கே தளபதி யெலாச்சிச். இங்க அவர் உள்ள வந்தா மேலதிகாரி வர்ற மாதிரி, யாரும் உரிமையைக் கேள்வி கேக்க முடியாது.

ரியேகா கதை வேற. 1779-ல, இந்த வாசல் கட்டின அதே வருஷம், ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா அந்த ஊரை ஹங்கேரி கிரீடத்தோட தனி உறுப்பா சேர்த்துட்டாங்க. 1848 ஆகஸ்ட் 31-ல யோசிப் புன்யேவாட்ஸ் படையோட வந்து பான் பேர்ல எடுத்துக்கிட்டாரு, சண்டை நடக்கல. ஆனா நகர மேட்டுக்குடிக்கு இத்தாலி மொழிதான் பழக்கம், மனசு ஹங்கேரி பக்கம். அங்க ஒரு வரவேற்பு வளைவு கட்டினா அதுவே அரசியல் வாக்குமூலம். 1868-ல ஊர் திரும்பவும் ஹங்கேரி கைக்குப் போயிடுச்சு. அந்த இருபது வருஷத்தை மறந்துட்டு ரியேகாவைப் பேசக் கூடாதுங்கறது என் கருத்து.

ரியேகா போறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். கோர்சோ தெருவுல நின்னு கடலைத் தேடாதீங்க. அது கடலைத் தூர்த்த நிலம். மணிக்கூண்டுக் கோபுரத்துக்கு அடியில இருக்கிற வாசல்தான் அந்தக் கால கடல்வாசல், முன்னால தண்ணி இருந்துச்சு. தரைவழியா வந்தா லுய்ஸியானா சாலையில ரியேச்சினா ஆத்துப் பக்கம் இறங்கணும். ரயில் 1873-லதான் வந்துச்சு, அதனால யெலாச்சிச் காலத்துல குதிரைவண்டி இல்லன்னா கப்பல்தான்.

கப்பல்னா 'பூரா'ங்கற குளிர்காத்தைப் பத்தி சொல்லணும். சுமார் 700 மீட்டர் உயரத்துல இருக்கிற வ்ராத்னிக் கணவாய் வழியா மலை மேல இருந்து குளிர்காத்து சரிஞ்சு நேரா செஞ் மேல விழும். அது குளிர்காலத்துலதான் ரொம்ப மோசம். அந்த மாதிரி நாள்ல துறையில கப்பலை நிறுத்தவே முடியாது, வரவேற்புக் குழு கரையில எத்தனை மணிநேரம் நின்னாலும் பிரயோஜனம் இல்ல. நீங்களும் 'பூரா' காத்து எச்சரிக்கை வந்துச்சுன்னா காரை இங்க ஓட்டிட்டு வராதீங்க, கடலோர ரோட்டையே மூடிடுவாங்க.