கலரே எடுக்காத கேமராவை யார் வாங்குவார்கள்?

வணக்கம் மக்களே. கருப்பு வெள்ளை மட்டும் எடுக்கும் டிஜிட்டல் கேமரா சந்தையில் நிற்குமா, இல்லை பணக்காரர் பொம்மையாகவே போய்விடுமா, இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன். நிற்கும் என்பது என் கணிப்பு. ஆனால் சின்னதாகத்தான் நிற்கும், இதை வைத்து பெரிதாகச் சம்பாதிக்க நினைக்கிற கம்பெனி கையைச் சுட்டுக்கொள்ளும்.

முதலில் சாமானைப் பார்த்துவிடலாம். சாதாரண கேமராவில், வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடி ஃபில்டர்கள் கட்டம் கட்டமாக இருக்கும், கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தைத்தான் பார்க்கும், மீதி இரண்டையும் அக்கம்பக்கத்து பிக்சல்களை வைத்து கேமரா ஊகித்துக்கொள்ளும். மோனோக்ரோமில், அதாவது கருப்பு வெள்ளை மட்டும் எடுக்கும் கேமராவில், அந்த ஃபில்டரே கிடையாது. வெளிச்சம் கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப், அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு, கூடுதலாக விழும், ஊகிக்கிற வேலையும் இல்லை.

நண்பருடைய பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோக்ரோமை வாங்கிக்கொண்டு காசிமேடு மீன் சந்தைக்குப் போயிருந்தேன். இருட்டு விலகாத நேரம், ஏலக்காரர் தலைக்கு மேலே ஒரு பல்பு, கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 12800-க்கு ஏற்றியிருந்தேன். சங்கரா மீனின் செதில் தனித்தனியாக எண்ணலாம் போல வந்திருக்கிறது, இருட்டில் வரும் புள்ளிப்புள்ளியான நாய்ஸ் கூட பழைய ஃபிலிமின் மணல்மணலான கிரெயின் மாதிரி, கண்ணை உறுத்தவே இல்லை. விடிந்த பிறகு லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்டினேன், வானம் கறுத்துவிட்டது, சிவப்பான சங்கரா வெளுத்துப்போய்விட்டது! கலர் ஃபைலாக இருந்தால் வீட்டுக்கு வந்து சாவகாசமாக மாற்றிக்கொள்ளலாம், இதில் எடுத்தது எடுத்ததுதான். அப்புறம் வெயிலில் ஹைலைட், அதாவது படத்தின் பளீர் இடங்கள், வெறும் வெள்ளையாக எரிந்தால் மீட்கவே முடியாது, கலர் சென்சாரில் மூன்று நிறத்தில் ஏதாவது ஒரு சேனலாவது மிஞ்சும்.

சரி, விலைக்கு வருவோம். 2023-இல் வந்தபோது இந்த பென்டாக்ஸின் அமெரிக்க விலை சுமார் 2,200 டாலர், அதன் கலர் அண்ணன் வந்தபோது 2,000. ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு இருநூறு டாலர் அதிகமா என்று கேட்காதவர் இல்லை. குறைந்த எண்ணிக்கைக்காகத் தனியாக சென்சார் வாங்க வேண்டும், அந்தச் செலவை வாங்குகிற கொஞ்சம் பேர் தலையில்தான் கட்ட முடியும். லைக்கா 2012-இலிருந்து எம் மோனோக்ரோம் விற்கிறது, 2023-இல் வந்த எம்11 மோனோக்ரோம் 9,000 டாலருக்கும் மேல். அந்த விலையில் நூறு பேர் தயங்கினாலும் வாங்குகிற ஒருவரே போதும் அவர்களுக்கு. இரண்டு கம்பெனிக்கும் பொதுவான விஷயம் என்னவென்றால், கேமராவின் உடல் ஏற்கெனவே இருக்கிறது, சென்சாரையும் மென்பொருளையும் மட்டும் மாற்றினால் போதும். ரிக்கோவின் பாக்கெட் கேமராவான ஜிஆர் 4-க்கு மோனோக்ரோம் வருகிறது என்று 2025-இல் அறிவித்ததும் இதே கணக்குதான்.

நம்ம சென்னையில் இதை யார் வாங்குவது? கேமராவில் பிழைப்பவர்களில் பெரும்பாலோர் கல்யாணம் எடுப்பவர்கள், அரக்குச் சிவப்புக் காஞ்சிபுரம் பட்டைச் சாம்பல் நிறத்தில் ஆல்பமாகக் கொடுத்தால் பெண்ணோட அம்மா மீதிப் பணத்தைத் தருவாரா? ஆகவே வாங்குகிறவர் ஓஎம்ஆரில் நல்ல சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் சௌகார்பேட்டை சந்துகளில் சுற்றுகிற ஆள். அவரும் இரண்டாவது கேமராவாகத்தான் வாங்குவார். 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. வாடகைக்கு வந்தால் நிலைமை மாறும் என்று நினைக்கிறேன், சினிமாவில் ஆரி, ரெட் இரண்டுமே கருப்பு வெள்ளை சென்சார் கேமரா செய்திருக்கின்றன, ஒரு படத்துக்கு எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதால் அங்கே கணக்கு சரியாக வரும். வடபழனிப் பக்கம் ஸ்டில் கேமரா வாடகைக்கு விடுகிறவர்கள் ஒரே ஒரு மோனோக்ரோம் வாங்கி வைத்தால், வார இறுதியில் சும்மா கிடக்காது.

புஜி ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். 2016-இல் எக்ஸ்-ப்ரோ2 கேமராவோடு வந்த, கருப்பு வெள்ளை ஃபிலிம் போலப் படம் தரும் ஆக்ரோஸ் மோடே முக்கால்வாசிப் பேருக்குப் போதுமானதாக இருக்கிறது, கலர் கேமராவிலேயே அது இலவசமாகக் கிடைக்கும்போது தனியாக ஒன்று விற்க அவர்களுக்கு அவசரம் இல்லை. சோனி, கேனான் மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை. நான் புதிதாக வாங்கப் போவதில்லை, நண்பர் அந்த பென்டாக்ஸை விற்கிற அன்றைக்கு முதல் ஃபோன் எனக்கு வர வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.