எந்தப் பெயரைத் தேடினால் நீங்கள் கிடைப்பீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகர். 22 வருடமாக இந்த வேலை. புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் திருப்பி வாங்கி அடுக்குவதும்தான் நூலகருக்கு வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. இப்போது என் நாளில் பாதி வேறொன்றில் போகிறது. சிதறிக் கிடக்கும் ஆசிரியர்களின் பெயர்களை இணையத்தில் தேடிப் பொறுக்கி ஒன்று சேர்க்கிறேன். இணையத்தில் தொழில்ரீதியாக ஓர் அடையாளத்தை உருவாக்கிக்கொள்வது பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். எனக்குத் தெரிந்தது பெயர் விஷயம் மட்டும்தான், அதையே பேசட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள்.

போன வருடம் ஓர் உதவிப் பேராசிரியர் வந்தார். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கிறார், கட்டுரைப் பட்டியல் வேண்டும். 11 கட்டுரை எழுதியிருப்பதாகச் சொன்னார். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் தேடினால் 4 தான் வருகிறது. நிஜப் பெயர் வேண்டாம். கயல்விழி, அப்பா செல்வராசு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் எஸ். கயல்விழி. அடுத்ததில் கயல்விழி எஸ். வெளிநாட்டு இதழ் ஒன்று முழுப் பெயர் கேட்டதால் அதில் கயல்விழி செல்வராசு. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலும் மாறிவிட்டது. போதாததற்கு, 'ழி'க்கு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையில் இசட்-எச் போட்டிருந்தார், இன்னொன்றில் வெறும் எல். நமக்கு அவர் ஒரே ஆள், கணினிக்கோ ஐந்து பேர். வேறு ஊரில், வேறு துறையில் இருக்கும் இன்னொரு எஸ். கயல்விழியின் இரண்டு கட்டுரைகள் வேறு இவர் கணக்கில் வந்து உட்கார்ந்திருந்தன.

இதை அவருடைய அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் பெயர் வைக்கும் முறை ஒன்று, இணையப் படிவங்களைச் செய்தவர்களின் ஊர் முறை வேறொன்று. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நமக்கு ஒரு பெயர், முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகராது. ஒருவர் எஸ் என்று ஒற்றை எழுத்தைப் போடுவார், ஒருவர் அப்பா பெயரை, இன்னொருவர் ஊர்ப் பெயரை. என்னிடம் வந்த ஒரு மாணவர் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் எஃப்.என்.யூ என்று முன்னால் விழும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது நினைவிருக்கும்.

பெரிய ஆட்களுக்கே இது நடந்திருக்கிறது. விஸ்வநாதன் ஆனந்த் என்றால் ஆனந்த் அவர் பெயர், விஸ்வநாதன் அவருடைய அப்பா. உலகமே அவரைச் செல்லமாக 'விஷி' என்று கூப்பிடுகிறது. அதாவது அப்பாவைக் கூப்பிடுகிறார்கள்! சிதம்பரத்தில் பிறந்து 2009 இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனுக்கு வெங்கட்ராமன்தான் சொந்தப் பெயர், ராமகிருஷ்ணன் அப்பா. மேடையில் 'பேராசிரியர் ராமகிருஷ்ணன்' என்று அழைத்தால் அதுவும் அப்பாவுக்குத்தான் போய்ச் சேரும். வானியலாளர் எஸ். சந்திரசேகருக்கு நேர்மாறு. சுப்பிரமணியன் என்ற அப்பா பெயர் முன்னால் நின்றது, சொந்தப் பெயர் கடைசியில் வந்தது. அதனால் விண்மீன்களின் எடை பற்றி அவர் கணக்கிட்ட எல்லை, சந்திரசேகர் வரம்பு என்று அவர் பெயரிலேயே அமைந்தது. 1999 இல் நாசா ஏவிய விண்தொலைநோக்கிக்கும் சந்திரா என்றே பெயர் வைத்தார்கள். ஒருவருக்கு அப்பா பெயர் கடைசியில், மற்றவருக்குச் சொந்தப் பெயர் கடைசியில். எது சரி என்றால் இரண்டும் சரிதான். கட்டுரைக்குக் கட்டுரை மாற்றி மாற்றி எழுதுவதுதான் ஆளைத் தொலைக்கிறது.

ஆகவே என்னிடம் வருபவர்களிடம் முதலில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதப் போகிறீர்கள், ஒரே ஒரு தடவை எழுதுங்கள் என்பேன். பலருக்குப் பேனா நின்றுவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கியில் ஒன்று. எண் கணித ஜோதிடம் பார்த்து நடுவில் ஓர் 'எச்', கடைசியில் ஓர் 'ஏ' சேர்த்துக்கொண்டவர்கள் தனி ரகம். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன், ஏனென்றால் தேடுபொறிக்கு அபூர்வமான எழுத்துக்கூட்டல் நல்லது. சதுரங்க வீரர் பிரக்ஞானந்தாவின் பெயரில் ஆங்கிலத்தில் கடைசியில் இரண்டு ஏ வரும். அந்த எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள், அவரைத் தவிர வேறு யாரும் குறுக்கே வர மாட்டார்கள். ஆர். சுரேஷ் என்ற பெயர்க்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் பெயரோடு தொழிலையும் ஊரையும் சேர்த்தே எல்லா இடத்திலும் எழுதியாக வேண்டும்.

எழுத்துக்கூட்டலை நடுவில் மாற்றுவது எவ்வளவு பாடு என்பதை அரசாங்கமே ஒரு முறை அனுபவித்தது. 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி அரசாணை வெளியானது. கோயம்புத்தூருக்கு வந்த புதிய எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். தனி மனிதருக்கு அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறும் வசதி கிடையாது, அச்சானதைத் திருத்துவது பெரும்பாடு.

சரி, ஒரு வடிவத்தை முடிவு செய்தாயிற்று. அப்புறம்? ஆராய்ச்சியில் இருப்பவர்கள் ஆர்கிட் என்ற அடையாள எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பூ இல்லை, எண். 2012 முதல் தருகிறார்கள், 16 இலக்கம், காசு கிடையாது. உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் அதன் கீழே போட்டு வைக்கலாம். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. கல்யாணமானதும் இனிஷியல் மாற்றும் பெண்களுக்கு இது பெரிய உபகாரம். வீட்டுக் காகிதங்களில் எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், வேலைப் பெயரை மாற்றாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். சிலருக்கு இதில் வருத்தம் வரும், பரவாயில்லை.

கட்டுரை எழுதாதவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலோர், லிங்க்ட்இன் என்ற தொழில் தொடர்புத் தளத்தில் கணக்கு வைத்திருப்பார்கள். அதில் நீங்கள் சேர்ந்ததும் உங்கள் பக்கத்தின் முகவரியில் பெயருக்குப் பின்னால் ஏதேதோ எழுத்தும் எண்ணும் வால் போல ஒட்டியிருக்கும். அமைப்புகளில் போய் அந்த வாலை நறுக்கலாம், இரண்டு நிமிட வேலை. சுயவிவரத்தில் ஓரிடத்தில் பெயரைத் தமிழிலும் எழுதிவிடுங்கள். தமிழில் தட்டச்சு செய்து தேடுபவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, மின்னஞ்சல். இதில்தான் ஆட்கள் அதிகம் சிக்குகிறார்கள். கல்லூரி கொடுத்த முகவரியிலோ அலுவலகம் கொடுத்த முகவரியிலோ எல்லாக் கணக்கையும் தொடங்கிவிடுவார்கள். வேலையை விட்டதும் அந்தப் பெட்டி மூடப்படும். கடவுச்சொல் மறந்து போனால் மீட்பு அஞ்சல் அந்த மூடிய பெட்டிக்குப் போகும். ஆக, அவர் பெயரில், அவர் படத்தோடு ஒரு பக்கம் இணையத்தில் இருக்கும், அதை அவராலேயே திறக்க முடியாது. பழைய பதவி, பழைய தொலைபேசி எண்ணோடு அது வருடக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். எல்லாக் கணக்கிலும் இரண்டாவதாக உங்கள் சொந்த முகவரி ஒன்றைச் சேர்த்து வையுங்கள், இன்று இரவே.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? என் பெயரிலேயே ஓர் இணைய முகவரி வாங்கி, நூலகக் குறிப்புகள் போட்டு வந்தேன். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், சில நூறு ரூபாய்தான். நினைவூட்டல் அஞ்சல் நான் பார்ப்பதை நிறுத்திவிட்ட பழைய பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. தவணை தாண்டியது. யாரோ வாங்கிவிட்டார்கள். இப்போது என் பெயரைத் தட்டினால் ஏதோ சூதாட்ட விளம்பரம் வருகிறது. என் மாமனார் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அந்த உதவிப் பேராசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரம் உட்கார்ந்தோம். மற்றவருடைய கட்டுரைகளை நீக்கினோம். ஸ்காலரில் அவருடையதை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம், இதழ்களுக்கு எழுதி இரண்டில் பெயரைத் திருத்த வைத்தோம். பல பெரிய பதிப்பகங்கள் இப்போது பெயர் மாற்றத்தை ஏற்றுக்கொள்கின்றன, கேட்டுப் பார்க்கலாம். 11 இல் 10 சேர்ந்துவிட்டன. மிச்சமிருப்பது அவருடைய முதல் கட்டுரை. அதில் இனிஷியலையே தவறாக அச்சடித்திருக்கிறார்கள். அந்த இதழ் நின்று ஆறு வருடமாகிறது, கடிதம் எழுத அங்கே ஆள் இல்லை. இன்னும் அது வேறு யாரோ ஒரு கயல்விழியின் பெயரில்தான் இருக்கிறது.

வணக்கம்.